தாய்லாந்தா, ஒகினாவாவா, மலேசியாவா: தற்காப்புக் கலைப் பயிற்சிப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கும் கணக்கு

டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக நாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பயணங்களில் நடக்கும் முதல் கோளாறு. திருச்சி விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக்காரர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கிறது. ஆஃபர் வருகிறது, டிக்கெட் போட்டாகிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் ஜிம் தேடுகிறார்கள். ஒரு மாதப் பயணத்தில் விமானக் கட்டணம் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள்.

எந்த நாடு, எத்தனை நாள் என்று முடிவெடுக்க ஒரு எண் போதும். மொத்தச் செலவை, நீங்கள் உண்மையில் பயிற்சியில் நிற்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஜிம் அட்டவணையில் எழுதியிருக்கும் மணி நேரத்தைப் போடக்கூடாது; உங்கள் உடம்பு தாங்கும் மணி நேரத்தைப் போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பணம் போகிறது.

கீழே வரும் கணக்குகளில் 1 பாட் 2.80 ரூபாய், 1 ரிங்கிட் 22 ரூபாய், 1 யென் 60 பைசா என்று வைத்திருக்கிறோம். விலைகள் எல்லாம் நடுத்தரமான அனுமானங்கள். உங்கள் ஜிம் சொல்லும் தொகையையும் அன்றைய மாற்று விகிதத்தையும் போட்டு ஒருமுறை திரும்பக் கணக்கிடுங்கள்.

தாய்லாந்து: முவே தாய் (தாய்லாந்தின் உதை-குத்துச் சண்டை), 30 நாள்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போய்வர, திரும்பும்போது மட்டும் 20 கிலோ லக்கேஜ் சேர்த்து, 24,000 ரூபாய். ஜிம் மாதக் கட்டணம் 12,000 பாட், அதாவது 33,600. மாத வாடகை அறை 8,000 பாட், 22,400. சாப்பாடு நாளுக்கு 250 பாட் என்றால் மாதத்துக்கு 21,000. கையுறை, கைப்பட்டை, ஷார்ட்ஸ், பல்காப்பு எல்லாம் சேர்த்து 9,800. உள்ளூர்ப் போக்குவரத்து 7,000. சலவை 2,800. இன்சூரன்ஸ் 2,000. சிம் 1,000. கூட்டினால் 1,23,600 ரூபாய். இதற்கு மேல் 15 சதவீதம் கையிருப்பு வேண்டும். ஆக, 1,42,000 ரூபாய் இல்லாமல் கிளம்பக் கூடாது.

பெரும்பாலான ஜிம்களில் காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு, ஞாயிறு விடுமுறை. 30 நாளில் 26 பயிற்சி நாள், 52 வகுப்பு, வகுப்புக்கு 2 மணி என்றால் 104 மணி நேரம். மணிக்கு 1,190 ரூபாய்தான் ஆகிறது என்று தோன்றும். அந்த 52 வகுப்பை முதல் முறை போகிறவர் முடிப்பதில்லை. ஓட்டமும் கயிறு தாண்டுதலும் முதல் மூன்று நாளிலேயே கெண்டைக்காலைப் பிடித்துவிடும். வியர்வையில் ஊறிய உள்ளங்கால் தோல், பயிற்சி விரிப்பில் திரும்பித் திரும்பி உதைக்கும்போது கொப்புளித்து உரியும், குறிப்பாகப் பெருவிரலுக்குக் கீழே. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முன்பக்கம் வீங்கும். முதல் வாரம் ஒருவேளை மட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் இரண்டு வேளை என்று போனால், இடையில் தவறும் சில வகுப்பு போக, மாதத்தில் 32 வகுப்பு, 64 மணி நேரம் தேறும். அப்போது மணிக்கு 1,930 ரூபாய். இதுதான் நேர்மையான எண்.

இதையே 15 நாளாகச் சுருக்கினால் பாதிச் செலவில் முடியாது. விமானமும் சாமான்களும் அதே விலை. ஜிம் இரண்டு வாரத்துக்கு 7,500 பாட் அளவில் கேட்கும், மாதக் கட்டணத்தில் பாதியாக இருக்காது. அறைக்கு மாத வாடகை கிடைக்காது, நாள் வாடகை. எல்லாம் சேர்த்து 91,200 ரூபாய், அதாவது மாதச் செலவில் முக்கால் பங்கு. கிடைப்பதோ 16 வகுப்பு, 32 மணி. மணிக்கு 2,850 ரூபாய். அதோடு உடம்பு பழகி வேகம் பிடிக்கிற நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். தாய்லாந்து என்று முடிவு செய்தால் மூன்று வாரத்துக்குக் குறைத்துப் போகாதீர்கள். லீவு கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் போகலாம்.

நீங்கள் உண்மையில் பணம் கொடுப்பது பேட் ரவுண்டுக்கு. பையை உதைப்பதும், எதிராளி இல்லாமல் காற்றில் அடித்துப் பழகும் ஷேடோவும் மன்னார்குடியிலேயே செய்யலாம். ட்ரெய்னர் கையில் பேட் கட்டிக்கொண்டு எதிரில் நின்று, உதை வந்து விழுந்ததும் உங்கள் இடுப்பு திரும்பாததைக் கண்டு உடனே திருப்பி உங்கள் விலாவில் லேசாகத் தட்டுகிறாரே, அதுதான் அங்கே கிடைக்கிற சரக்கு. ஆகவே ஜிம்முக்கு எழுதும் முதல் செய்தியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாலை வகுப்பில் ஒரு ட்ரெய்னருக்கு எத்தனை பேர், ஒரு வகுப்பில் ஆளுக்கு எத்தனை பேட் ரவுண்டு? மூன்று முதல் ஐந்து ரவுண்டு என்று பதில் வந்தால் நல்லது. ‘கூட்டத்தைப் பொறுத்தது’ என்று வந்தால் அது ஒரு ரவுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில் பெயர்பெற்ற பெரிய ஜிம்களில் சீசன் நேரத்தில் இந்த நிலைதான். அங்கே தனி வகுப்பு எடுத்தால்தான் கற்றுக்கொள்ள முடியும், அதற்கு மணிக்குத் தனிக்காசு. வடக்கே சியாங் மாய் பக்கத்துச் சிறிய ஜிம்களில் கட்டணமும் குறைவு, பேட்டும் அதிகம்.

ஆனால் சியாங் மாய்க்கு ஒரு சிக்கல் உண்டு, அது நம் ஊர் விவசாயக் குடும்பங்களின் பணக் காலத்தோடு நேராக மோதுகிறது. சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கணக்கில் ஏறுவது மாசி வாக்கில். குறுவை வேலை தொடங்கும் வரை வயலிலும் ஆள் தேவை குறைவு, பிள்ளையை அனுப்பத் தோதான நேரம். அந்தப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் வட தாய்லாந்தில் வயல் தாளும் காடும் எரிகிற காலம். சியாங் மாய் மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு என்பதால் புகை வெளியேறாமல் தங்கும். காற்றில் நுண்துகள் (பிஎம் 2.5) அளவு ஏறினால் திறந்தவெளி ஜிம்மில் காலை ஓட்டமே நிறுத்தப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே போகவே கூடாது. அந்த மாதங்களில் போவதென்றால் தெற்கே போக வேண்டும், அங்கே அது சுற்றுலா சீசன், அறை வாடகை ஏறியிருக்கும். மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு கிளம்பினால் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் வரும். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்கள். ஜிம்கள் சில நாள் மூடிவிடும், ட்ரெய்னர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மாதக் கட்டணத்தில் அந்த நாட்களைக் கழித்துத் தருவார்களா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

குறுவைப் பணம் வந்தபின் ஐப்பசி கடைசியில் போவது கணக்குக்கு இன்னும் ஒத்துவரும். நவம்பரில் வடக்கே மழை ஓய்ந்து, குளிர் தொடங்கி, புகை இல்லாமல் இருக்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம். கிளம்பும் நாளில் ஊரில் தண்ணீர் நின்றால் விமான நிலையம் போய்ச் சேர்வதே பாடு, ஆகவே முந்தின நாளே திருச்சிக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.

திருச்சி வழியா, சென்னை வழியா?

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு. மன்னை, உழவன், சோழன் ரயில்களில் ஏதாவது ஒன்றில் போய்த் தாம்பரத்தில் இறங்கி, மின்ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரிலேயே. திருச்சி வழி போனால் பெரும்பாலும் கோலாலம்பூரில் மாற வேண்டும். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்களுடையது. யாரும் பணம் தரமாட்டார்கள். ஏர் ஏஷியா ஒரு முனையத்திலும் பாத்திக் ஏர் இன்னொரு முனையத்திலும் வருவதால் இரண்டையும் கலந்து போட்டால் குடிவரவு தாண்டி, பெட்டியை எடுத்து, முனையம் மாறி, திரும்ப செக்-இன் செய்ய வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி இல்லாமல் அப்படிப் போடாதீர்கள். ஒரே கம்பெனியில், ஒரே பதிவில் கடைசி ஊர் வரை வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், அது கொடுக்கத் தகுந்த காசு.

மலிவு டிக்கெட்டில் கைப்பை 7 கிலோதான். 16 அவுன்ஸ் கையுறை ஒரு ஜோடியே ஒரு கிலோவைத் தொடும், கால்காப்பு இன்னொரு கிலோ. போகும்போது எதையும் சுமக்காமல் அங்கே வாங்கி, திரும்பும் டிக்கெட்டில் மட்டும் லக்கேஜ் போடுவது லாபம். கைப்பட்டை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும்; புழுக்கத்தில் ஒன்று காய்வதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும். சிலம்பக் கம்பு விமானத்துக்குள் ஏறாது. அளவு மீறிய சரக்காகத்தான் போடவேண்டும், அந்தக் காசுக்குப் போன இடத்திலேயே இரண்டு பிரம்புக் கம்பு வாங்கலாம்.

ஒகினாவா (ஜப்பானின் தெற்குத் தீவு): கராத்தே, 14 நாள்

விமானம் 60,000 ரூபாய். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. அதன் தலைநகர் நாஹாவில் எளிய தங்குமிடம் நாளுக்கு 3,500 யென், 14 நாளுக்கு 29,400 ரூபாய். சாப்பாடு நாளுக்கு 2,000 யென், 16,800. பயிற்சிக்கு வகுப்புக்கு 2,000 யென் என்று 12 வகுப்பு, 14,400. மோனோரயில், பஸ் 6,000. விசா, அதற்கான அலைச்சல் 3,000. இன்சூரன்ஸ், சிம் தலா 1,500. மொத்தம் 1,32,600 ரூபாய். அங்குள்ள டோஜோக்கள் (பயிற்சிக் கூடங்கள்) பெரும்பாலும் வேலை முடிந்த மாலையில்தான் கூடும். 12 வகுப்புக்கு 24 மணி நேரம். மணிக்கு 5,525 ரூபாய்.

தாய்லாந்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஒகினாவா தப்பு என்று சொல்லவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. அங்கே உடம்பைத் தேற்றப் போவதில்லை. ஏற்கனவே பத்து வருடம் போட்ட ஒரு கட்டாவில் (வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுப்பில்) கால் வைக்கும் கோணம், மூச்சு விடும் இடம் என்று ஒரு மூத்த ஆசிரியர் திருத்துவதற்காகப் போகிறீர்கள். கருப்புப் பட்டைக்குக் கீழே இருப்பவருக்கு அந்தக் காசு செரிக்காது.

போவதற்கு முன் உங்கள் பாணியின் ஊர் எது என்று பாருங்கள். கோஜு-ரியு, ஷோரின்-ரியு, உவேச்சி-ரியு என்றால் ஒகினாவா சரி. நம் பக்கத்தில் நிறைய வகுப்புகளில் சொல்லித்தருவது ஷோட்டோகான் அல்லது ஷிட்டோ-ரியு. ஃபுனகோஷி 1922இல் ஒகினாவாவை விட்டுத் தோக்கியோ போய் ஷோட்டோகானை வளர்த்தார். ஷிட்டோ-ரியுவைத் தொடங்கிய மபுனியும் ஒகினாவாக்காரர்தான், ஆனால் ஒசாகாவில் நிலைத்தார். இந்த இரண்டு பாணிக்காரர்களும் தலைமை இடத்தில் கற்க வேண்டுமென்றால் தோக்கியோவுக்கோ ஒசாகாவுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும். விமானக் கட்டணமும் அங்கே குறையும்.

டோஜோ தெரியாதவர்கள் ஒகினாவா கராத்தே கைகான் வழியாகக் கேட்கலாம். 2017இல் தோமிகுசுகுவில் திறந்த இந்த அரங்கில் உள்ள தகவல் மையம் வெளிநாட்டு மாணவர்களை டோஜோக்களோடு சேர்த்துவிடுகிறது. உங்கள் ஆசிரியரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம், சின்னம் எதுவும் தைக்காத வெள்ளை உடை, கட்டணத்தை உறையில் போட்டுத் தர ரொக்க யென்: இந்த மூன்றும் வேண்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை புயல் காலம், ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் தொடர் விடுமுறை, அறை விலை ஏறும். மார்ச் மாதம் ஒத்துவரும், சம்பா பணத்துக்கும் ஒத்துவரும்.

மலேசியா: 12 நாள்

விமானம் 14,000, அறை நாளுக்கு 70 ரிங்கிட் என்று 18,480, சாப்பாடு 9,240, ஜிம் மாதச் சந்தா 400 ரிங்கிட், 8,800, ரயில் 4,400, இன்சூரன்ஸ் 1,200, சிம் 700. மொத்தம் 56,820. பன்னிரண்டு நாள்தான் இருக்கப்போகிறோம் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் மாதச் சந்தாவைத் தாண்டிவிடும், ஆகவே இரண்டு விலையையும் கேளுங்கள். ஒன்றரை மணி வகுப்பு 14 என்றால் 21 மணி, மணிக்கு 2,700 ரூபாய்.

கிள்ளானிலோ ஈப்போவிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அறைச் செலவு போய் 38,340 ஆகும், மணிக்கு 1,825. காகிதத்தில் இதுதான் இருப்பதிலேயே மலிவு. நடைமுறையில் சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு மாலை ஏழு மணி வகுப்புக்குத் தினமும் போவது கஷ்டம். ஒருநாள் பத்துமலை, ஒருநாள் யாரோ வீட்டு விசேஷம், ஒருநாள் ‘இன்னிக்கு ஒருநாள் இருப்பா’ என்று 14 வகுப்பு 8 ஆகிவிடும். எட்டு வகுப்பு என்றால் 12 மணி, மணிக்கு 3,195. முதல் பத்து நாள் ஜிம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, கடைசி இரண்டு நாள் உறவு வீட்டுக்குப் போவதே மேல். கொண்டுபோகும் முறுக்கும் அதிரசமும் கெடாது.

சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு மலேசியா வேறு கணக்கு. பயிற்சி என்று போவதைவிடப் ‘பன்னாட்டுப் போட்டி’ என்று போவது அதிகம். பெற்றோர் கையில் பணம் வாங்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தச் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையிலோ வேலையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்பதை. போட்டியை நடத்தும் சங்கத்தின் பெயரை எழுதிக்கொண்டு உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் கேட்கலாம். இரண்டு நாடு மட்டும் கலந்துகொண்டு எல்லோருக்கும் மெடல் தரும் போட்டிகள் இருக்கின்றன. அதைச் சுற்றுலாச் செலவாக எழுதுங்கள், படிப்புச் செலவாக எழுதாதீர்கள்.

வேகமாகத் தள்ளிவிடக் கூடியவை

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது என்பதால் இலங்கையின் தற்காப்புக் கலையான அங்கம்பொரவைச் சிலர் கேட்கிறார்கள். கப்பல் இறக்கிவிடுவது யாழ்ப்பாணத்தில். அந்தக் கலையின் ஆசிரியர்கள் இருப்பது தென்மேற்குச் சிங்களப் பகுதியில். நாடு முழுக்க ரயிலில் குறுக்கே போக வேண்டும், மழைக் காலத்தில் கப்பலும் நிற்கும். போவதென்றால் திருச்சி–கொழும்பு விமானம்தான் சரி.

சீனாவின் ஷாவோலின் பக்கத்துப் பள்ளிகள் சாப்பாடும் தங்கலும் சேர்த்துக் கட்டணம் வாங்குகின்றன. மூன்று மாதத்துக்குக் குறைவாகப் போனால் நின்ற நிலைகளும் கால் நீட்டலும் மட்டுமே மிஞ்சும். விசா, மொழி, அலிப்பே என்ற பணச் செயலி இல்லாமல் டீ கூட வாங்க முடியாத நிலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்றதல்ல.

கணக்கில் வராமல் காசைத் தின்பவை

முதலில் குடியேற்றச் சோதனை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கும். அந்தச் சோதனை வேலைக்குப் போகிறவர்களுக்கானது, சுற்றுலாவுக்குத் தடையில்லை. ஆனால் தாய்லாந்தும் மலேசியாவும் இசிஆர் பட்டியலில் இருப்பதாலும், வேலை மோசடியில் மியான்மர் எல்லைக்கு இளைஞர்கள் கடத்தப்பட்டதாலும் தனியாகப் போகும் பையனைத் துருவித் துருவிக் கேட்பார்கள். ஜிம் அனுப்பிய உறுதிக் கடிதம், கட்டிய பணத்தின் ரசீது, தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட் நான்கையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்றால் சார்ஜ் தீர்கிற நேரம் அதுவாகத்தான் இருக்கும். பத்தாவது பாஸ் செய்தவர்கள் சான்றிதழைக் காட்டிப் பாஸ்போர்ட்டை இசிஆர் இல்லாததாக மாற்றிக்கொள்வது நல்லது. தாய்லாந்துக் குடிவரவில் ஆளுக்கு 20,000 பாட் அளவுக்குக் கையிருப்பு காட்டச் சொல்லலாம்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விசா இல்லாமல் எத்தனை நாள் இருக்கலாம் என்பதைத் தூதரகப் பக்கத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். தாய்லாந்தும் மலேசியாவும் கேட்கும் ஆன்லைன் வருகை அட்டை இலவசம், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கேட்கும் பக்கம் போலி. ஆறு மாதம் தங்கிப் பயிற்சி எடுக்க நினைப்பவர்களுக்கு 2024இல் தாய்லாந்து கொண்டுவந்த டிடிவி விசா உண்டு. முவே தாய் பயிற்சி அதில் வரும், கட்டணம் 10,000 பாட், கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு அது வீண்.

இன்சூரன்ஸ் ஆவணத்தில் ‘சேராதவை’ என்ற பகுதியைப் படியுங்கள். போட்டி விளையாட்டு, ஆபத்தான விளையாட்டு என்று எழுதியிருந்தால் பயிற்சியில் உடைந்த விரலுக்கும் பணம் வராது. கேள்வியை மெயிலில் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். ரிங்கில் ஏறிச் சண்டை போடுவதைச் சாதாரணப் பாலிசி ஏற்பது அரிது.

ஸ்கூட்டர் வாடகை மாதம் 3,000 பாட் என்பது மலிவாகத் தெரியும். ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கவில்லை என்றால், அதில் இருசக்கர வாகனம் சேர்க்கப்படவில்லை என்றால், போலீஸ் அபராதம் ஒருபக்கம், விபத்தில் இன்சூரன்ஸ் மறுப்பு இன்னொரு பக்கம். ஜிம்முக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால் இந்தச் செலவே இல்லை. வாடகை 1,000 பாட் கூட இருந்தாலும் லாபம்.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தாய்லாந்து வங்கிகள் 220 பாட் அளவில் பிடித்துக்கொள்ளும். பத்து முறை எடுத்தால் 6,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. மாதத்துக்கு மூன்று முறை பெரிய தொகையாக எடுங்கள். இயந்திரம் ரூபாயில் கழிக்கவா, பாட்டில் கழிக்கவா என்று கேட்டால் பாட் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மஞ்சள் கொடியில் ‘ஜே’ எழுத்து உள்ள கடைகளைத் தேட வேண்டும். மற்ற இடங்களில் காய்கறி என்றாலும் மீன் சாஸ் விழும். ஒரு நாளுக்கு 50 பாட் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் வரிசை

முதல் வாரத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, ஜிம் பிடித்திருந்தால் மீதி மூன்று வாரத்துக்கு மாத விலையில் சரிசெய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். பல ஜிம்கள் ஒப்புக்கொள்ளும். முழு மாதத்தையும் முன்கூட்டியே கட்டி, மூன்றாம் நாள் கணுக்கால் பிசகினால் திரும்பக் கிடைப்பது அரிது. அறைக்கும் அதுவே: முதல் நான்கு இரவு மட்டும் இங்கிருந்து பதிவு செய்து, மாத வாடகை அறையை நேரில் பார்த்துப் பேசுங்கள், கரண்ட் யூனிட் விலையையும் சேர்த்து.

கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து இந்தப் பயணம் வேண்டாம். சீட்டு எடுத்த பணமாகவோ அறுவடைப் பணமாகவோ இருக்கட்டும். 60,000 மட்டுமே இருந்தால் வருடத்துக்குள் தாய்லாந்துக்குச் சேர்க்கலாம், அதுவரை உள்ளூர் ஆசிரியரிடம் வாரம் ஐந்து நாள் போய் 5 கிலோமீட்டர் ஓடப் பழகினால் அங்கே உடம்பு தாங்கும் வகுப்பு 32இலிருந்து 40 ஆகும். அந்த எட்டு வகுப்பும் கூடுதல் காசில்லாமல் வருபவை. மணிக்கு 1,930 என்பது 1,545 ஆகிவிடும்.

ஏஜென்ட்டிடம் டிக்கெட், அறை, பயிற்சி எல்லாம் ஒரே தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகையைச் சேர்த்துப் பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டில் மாறும். அது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறும் முன்வரி. ஜூலையில் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது 26ஏஎஸ் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பக் கேளுங்கள். பையன் பெயரில் பான் இல்லாமல் அப்பா கணக்கிலிருந்து கட்டியிருந்தால் ரசீது அப்பா பெயரில்தான் இருக்கிறதா என்பதை ஏஜென்ட் ஆபீஸை விட்டு எழும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.